தச்சு, கட்டுமானப் பயிற்சி: முதலாண்டில் மாதிரித் துண்டா, நிஜ வேலையா?

#1 மூலைமட்டம்

வணக்கம். கல்லூரியில் தச்சுப் பிரிவில் பயிற்சி தருகிறேன். கட்டுமானப் பிரிவும் எங்களுடன் ஒரே பட்டறையில்தான் இயங்குகிறது. முதலாண்டுப் பாடத்திட்டத்தைத் திருத்தும் பேச்சு நடக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

இப்போதைய முறையில் முதல் பருவம் முழுக்க மாதிரித் துண்டுகள்தான். கோட்டின் மேல் அறுப்பது, இழைப்புளியால் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் செங்கோணத்துக்குக் கொண்டுவருவது, அரைவெட்டு இணைப்பு, துளையும் கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை), டவ்டெயில் (புறாவால் வடிவ இணைப்பு). மதிப்பெண் போட்டதும் துண்டு மூலைக்குப் போய்விடும். கட்டுமானப் பிரிவிலும் இதே கதை. சிமென்ட் சேர்க்காத சாந்தில் சுவர் எழுப்பி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்த்து, பிரித்து, செங்கலைத் தட்டிச் சுத்தம் செய்து அடுத்த குழுவிடம் கொடுப்பார்கள்.

சக ஆசிரியர்களில் ஒரு பாதி, முதல் வாரத்திலிருந்தே நிஜப் பொருள் செய்ய வேண்டும் என்கிறது. பெஞ்சு, கதவுச் சட்டம், சின்னக் கொட்டகை, நடைபாதை இப்படி. மற்றப் பாதி, கை பழகாமல் நிஜ வேலையில் இறக்கினால் வேலையும் கெடும், பிள்ளைகளும் பயந்துபோவார்கள் என்கிறது.

மாதிரித் துண்டு வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் மதிப்பெண் போட்ட அன்றைக்கே பாடம் முடிந்துவிடுவதில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அது என்ன என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தளத்தில் வேலை செய்பவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

#2 சாரக்கால்

நான் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பக்கம் இருப்பவன். வெளிப்படையாகவே சொல்கிறேன் ஐயா, கல்லூரியிலிருந்து வருகிற பிள்ளைகளின் கை சுத்தமாக இருக்கிறது. இடைவெளியே தெரியாமல் இணைப்பு வெட்டுகிறார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். முதலாவது, வரைபடத்தில் இருப்பதைத் தரையில் கொண்டுவரத் தெரிவதில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்ற அளவில் செங்கோணம் பிடிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, நான்கு மூலையும் நட்டாகிவிட்டது, இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவரவில்லை, எந்த முளையை நகர்த்த வேண்டும் என்று கேட்டால் நிற்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, எது தப்பு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வரிசை மனதில் இல்லை.

இரண்டாவது, தனக்கு அடுத்து யார் வருவார் என்ற நினைப்பு. தச்சர் கதவுச் சட்டத்தை நிறுத்திவிட்டுப் போகிறார். பூச்சு எத்தனை மில்லிமீட்டர், தரை முடிந்தபின் மட்டம் எங்கே நிற்கும் என்று கேட்காமல் நிறுத்தினால், பின்னால் வருகிற மூன்று பேர் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, எடை. இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ. 125 மி.மீ. தளம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ, கம்பியும் ஆட்களும் போக. சென்ட்ரிங் பலகையும் (கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் தற்காலிக அச்சு) அதன் கீழ் நடும் முட்டும் அதைத் தாங்கி நிற்க வேண்டும். தூண் என்றால் கதையே வேறு. கான்கிரீட் இறுகும்வரை தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும். மூன்று மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடிப்பலகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஏழு டன் அழுத்தம் வரும். அதனால்தான் கீழே இறுக்குப் பட்டைகளை நெருக்கமாகவும் மேலே தள்ளியும் போடுகிறோம். டவ்டெயில் வெட்டத் தெரிந்த பையன், கீழே ஏன் நெருக்கம் என்று கேட்டால் விழிக்கிறான். சென்ட்ரிங்கும் தச்சு வேலைதானே?

#3 பழைய_இதழ்

இந்த விவாதத்துக்கு நூற்றைம்பது ஆண்டு வயதாகிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

1868இல் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரிப்பது. எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்துவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரித் துண்டு. மாணவர் பொருள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, செயலைக் கற்றால் போதும். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பலருக்குக் கற்பிக்க முடிந்தது. அதுவரை தொழில் கற்பது என்றால் ஒரு தேர்ந்தவரின் பக்கத்தில் வருடக்கணக்கில் நிற்பதுதான், ஆகவே இது பெரிய மாற்றம். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்த மாதிரித் துண்டுகளை வைத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவர் ஜான் ரங்கிள் அதைப் பார்த்துவிட்டு, தன் நிறுவனத்திலும் அதே பாணியில் பட்டறைப் பயிற்சி தொடங்க ஏற்பாடு செய்தார். இன்று மூலைமட்டம் ஐயாவின் பட்டறையில் மூலைக்குப் போகிற அந்த அரைவெட்டு இணைப்பின் பூர்வீகம் இதுதான்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் நேர்மாறாகச் சொன்னார். ஃபின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் தொடங்கிவைத்த ஸ்லாய்ட் என்ற கைவேலைக் கல்வி முறையை அவர் வளர்த்தெடுத்தார். முதல் பயிற்சியிலிருந்தே வீட்டில் பயன்படுகிற பொருள் செய்ய வேண்டும், செய்தது செய்தவருக்கே சொந்தம். பயன்படாத துண்டில் மாணவருக்கு அக்கறை வராது என்பது அவருடைய வாதம். ஆனால் அவரும் வரிசையை விடவில்லை. எளிய பொருளிலிருந்து கடினமான பொருளுக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு புதிய செயல் சேரும்படி அடுக்கினார்.

சாலமன் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பேசினார், டெல்லா-வோஸ் பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் உருவாக்க நினைத்தார். உங்கள் சக ஆசிரியர்கள் இரண்டு பேருடைய வாதத்தையும் ஒரே வகுப்பறையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

#4 முதலாண்டு_மாணவி

படிக்கிறவர்கள் சொல்லலாம் என்றதால் எழுதுகிறேன். நான் தச்சுப் பிரிவில் முதலாண்டு. (மூலைமட்டம் சாரின் கல்லூரி இல்லை.)

மாதிரித் துண்டு அலுப்பாக இருக்கும் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் எனக்கு அது பிடிக்கும். கெட்டுப்போனால் யாரும் திட்ட மாட்டார்கள், இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். வெளியே வேலை கற்கப் போன தோழிகளுக்கு அந்த வசதியே இல்லை. மரம் வீணாகும் என்று பாதிப் பேருக்கு ரம்பமே கையில் கொடுப்பதில்லை, எடுத்துக் கொடு, பிடித்துக்கொள், பெருக்கு என்பதோடு நாள் முடிகிறது. பெண் என்றால் அதுவும் இன்னும் கூடுதல்.

எனக்கு வருத்தம் வேறு ஒன்றில். துண்டைப் பார்த்து "இடைவெளி இருக்கிறது, பத்துக்கு ஆறு" என்கிறார்கள். ஏன் இடைவெளி வந்தது என்று யாரும் பிரித்துக் காட்டுவதில்லை. கோடு போட்டதில் தப்பா, ரம்பம் கோட்டின் எந்தப் பக்கம் போனது என்பதில் தப்பா, உளி உள்ளே சாய்ந்ததா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஆறு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அடுத்த முறை எதை மாற்றுவது என்றே தெரியாது.

#5 மூலைமட்டம்

தங்கையின் பதிலை மூன்று முறை படித்துவிட்டேன். நான் தேடிக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் அம்மா. மற்றவர்களும் எழுதுங்கள், நான் பிறகு வருகிறேன்.

#6 ஈரமானி

மரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

மதிப்பெண் போட்ட அன்றைக்குப் பாடம் முடிவதில் என்ன குறை என்று கேட்டீர்கள். மரத்துக்கு அன்றைக்குத்தான் பாடம் ஆரம்பிக்கிறது. அதுதான் குறை.

வெட்டின பச்சை மரத்தில் இரண்டு வகையாகத் தண்ணீர் இருக்கும். செல்லின் குழிக்குள் நிற்பது ஒன்று, செல்சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. முதலாவது வெளியேறும்போது எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் செல்சுவர் உலர ஆரம்பிக்கிறது, சுருக்கமும் தொடங்குகிறது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. நீளவாக்கில் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைவிடப் பொதுவாக இரண்டு மடங்கு. பலகை குழிவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். பக்கவாட்டில் அறுத்த பலகையின் தலையைப் பாருங்கள், வளைய வில் தெரியும். உலர உலர அந்த வில் நிமிரப் பார்க்கும். பலகை பட்டைப் பக்கம் குழியும்.

இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள். அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். ஒரே மரத்திலிருந்து மூன்று பலகை எடுங்கள். ஒன்று மையத்துக்குப் பக்கத்தில், ஒன்று ஓரத்தில் பக்கவாட்டில் அறுத்தது, ஒன்று வளையம் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தது. அகலத்தை அளந்து தேதியோடு பலகையிலேயே எழுதச் சொல்லுங்கள். எது எப்படி வளையும் என்று மாணவர் முன்கூட்டியே பென்சிலால் வரைந்து வைக்கட்டும். அப்புறம் அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். பருவம் மாறினதும் எடுத்துப் பாருங்கள்.

கதவுக்கும் இதேதான். சட்டத்தின் காடியில் (பலகை உட்காரும் பள்ளத்தில்) பலகையை ஒட்டாமல் விடச் சொல்கிறோம், காரணம் சொல்கிறோம், தலையாட்டுகிறார்கள். ஒரு கதவில் வேண்டுமென்றே நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டுங்கள், பக்கத்தில் சரியாகச் செய்த கதவையும் வையுங்கள். ஒட்டின பலகை ஒரு நாள் நடுவில் பிளக்கும், இல்லாவிட்டால் சட்டத்தின் மூட்டு விலகும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் பிறகு பசைக் குப்பியைக் காடிக்குள் கொண்டுபோக மாட்டார்.

தளத்தில் இதைச் செய்ய முடியாது. கதவை மாட்டிவிட்டுத் தச்சர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கதவு பிளந்த சேதி அவருக்கு வந்து சேரவே சேராது.

#7 கரணை

ஈரமானி சொன்னதன் கடைசி வரிக்கு ஆயிரம் நன்றி. நான் தளத்திலேயே சித்தாளாகத் தொடங்கிக் கொத்தனாராக வந்து, பிறகு மாலை வகுப்பில் கட்டுமானப் படிப்பில் சேர்ந்தவன். இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

தளத்தில் வேகம் வரும், கைப்பழக்கம் வரும், எந்த வேலைக்கு எத்தனை ஆள் என்ற கணக்கு வரும். ஆனால் செய்ததை உடைத்துப் பார்க்கிற உரிமை அங்கே யாருக்கும் கிடையாது. தூண் போட்டோம், பலகையைப் பிரித்தோம், மேலே தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிந்தால் சாந்து வைத்துப் பூசுவோம். உள்ளே எவ்வளவு ஆழம் என்று யார் பார்ப்பது? தண்ணீர் கூடப் போட்டால் கலவை இலகுவாக ஓடுகிறது, கை வலிக்காது, எல்லோரும் கூட ஊற்றுவார்கள். அதன் பலன் அன்றைக்குத் தெரியாது.

கல்லூரியில் முதல் தடவை கான்கிரீட் கட்டியை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைத்தார்கள். ஒரே சிமென்ட், ஒரே மணல், ஒரே ஜல்லி, தண்ணீர் மட்டும் வேறு. 150 மி.மீ. கனசதுரங்கள். ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் சில. இலகுவாக ஓடின கலவை முதலில் உடைந்தது. அதுவரை எனக்குப் பொறியாளர் கத்துவது மட்டும்தான் தெரியும், காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. சிமென்ட் வினைபுரிய எடுத்துக்கொள்வதற்கு மேல் இருக்கும் தண்ணீர், பின்னால் வெளியேறும்போது நுண்ணிய துளைகளை விட்டுப்போகிறது. துளை கூடினால் பலம் குறைகிறது.

தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம்தான் கான்கிரீட்டின் பலத்தைத் தீர்மானிக்கிறது என்று 1918இல் வெளியிட்டவர் டஃப் ஏப்ரம்ஸ். சிகாகோவில் லூயிஸ் இன்ஸ்டிடியூட் என்ற கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கான மாதிரிகளை உடைத்துப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். உலகம் முழுக்கத் தளத்தில் பின்பற்றுகிற விதி, உடைத்துப் பார்க்க முடிந்த ஓர் இடத்திலிருந்து வந்திருக்கிறது.

ஆகவே என் பதில்: மாதிரித் துண்டா நிஜப் பொருளா என்று கேட்காதீர்கள். எதைச் செய்தாலும் உடைத்துப் பாருங்கள். கல்லூரி தர முடிந்து தளம் தர முடியாதது அது ஒன்றுதான்.

#8 சாரக்கால்

கரணை அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. உடைத்து உடைத்துப் பார்க்க நேரம் வேண்டும். பாடத்திட்டத்தில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? வேகம் இல்லாமல் வருகிற பையனை நான் மூன்று மாதம் சுமக்க வேண்டியிருக்கிறது. இன்னும் மெதுவாக ஆக்கி அனுப்பினால் எப்படி?

இன்னொன்று, உடைப்பதற்கென்றே பொருள் செய்தால் அதில் பொறுப்பு வருமா? யாரோ ஒருவர் மேலே ஏறி நிற்கப் போகிறார் என்ற நினைப்பில் அடிக்கிற ஆணிக்கும், மதிப்பெண்ணுக்கு அடிக்கிற ஆணிக்கும் வித்தியாசம் உண்டு. நான் நேரில் பார்க்கிற வித்தியாசம் இது.

#9 மூலைமட்டம்

சாரக்கால் கேட்ட இரண்டும் சரியான கேள்விகள். வேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர் மெதுவாக இருப்பதற்குக் கை மெதுவாக இருப்பது பெரும்பாலும் காரணம் இல்லை என்பது நான் பட்டறையில் பார்ப்பது. வெட்டிவிட்டுச் சந்தேகப்பட்டு, மறுபடி அளந்து, கொஞ்சம் சீவி, மறுபடி மாட்டிப் பார்த்து, அதிகமாகச் சீவிவிட்டு ஆப்பு வைத்து... நேரம் இங்கேதான் போகிறது. கோட்டின் எந்தப் பக்கம் ரம்பம் போக வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தவர் ஒரே வெட்டில் முடிக்கிறார். அந்த உறுதி, தன் துண்டைத் தானே நடுவில் அறுத்து உள்ளே பார்த்தவருக்குச் சீக்கிரம் வருகிறது. துளை-கழுந்து இணைப்பை நீளவாக்கில் அறுத்தால் எல்லாமே தெரிந்துவிடும்: உளி எங்கே சாய்ந்தது, கழுந்தின் தோள் எங்கே உட்காரவில்லை, அடியில் பசை போய்ச் சேர்ந்ததா. நம் மாணவத் தங்கை கேட்ட மூன்று காரணங்களும் அந்த ஒரு வெட்டில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும். மதிப்பெண் போடுகிற நேரத்திலேயே செய்துவிடலாம்.

பொறுப்பு பற்றிச் சொன்னது கனமான விஷயம். அதனால் உடைக்கிறதோடு நிறுத்த முடியாது, நிஜப் பொருள் கட்டாயம் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படி உயரமும் ஒரு மிதி அகலமும் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ. வரை வர வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. மனிதரின் நடை அளவிலிருந்து படியைக் கணக்கிடும் இந்த யோசனை பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் ஃப்ரான்சுவா ப்ளொந்தெல் சொன்னது. கணக்குப் போட எல்லோருக்கும் வரும். ஆனால் மேல்தளத்தின் பூச்சு உயரத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டால் கடைசிப் படி மட்டும் உயரம் மாறிவிடும். அந்த ஒரு படியில்தான் ஆள் தடுக்கி விழுவார். பட்டறையின் பரணுக்கு ஏறும் படியை மாணவர்களே கட்டி, தினமும் அதில் ஏறி இறங்கினால் அந்த நினைப்பு உடம்பிலேயே வந்துவிடும். சாரக்கால் #2இல் சொன்ன "அடுத்து வருபவர் யார்" என்ற கேள்விக்கும் இது பதில்.

#10 பழைய_இதழ்

கெட்டுப்போகிற வேலையும் நிஜ வேலையும் ஒன்றாகவே நடந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்காக 1881இல் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிறுவனம். கட்டடம் இல்லை, பணமும் இல்லை. அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் மாணவர்களையே செங்கல் அறுக்கவும் கட்டடம் எழுப்பவும் வைத்தார். முதல் மூன்று சூளைகளும் தோற்றுப்போயின. கைக்கடிகாரத்தை அடகு வைத்து நாலாவது சூளை போட்டார், அது தேறியது. பின்னால் அந்தச் செங்கல் அக்கம்பக்கத்திலும் விற்பனைக்குப் போனது. எம்.ஐ.டி.யில் 1892இல் கட்டடக்கலை முடித்த ராபர்ட் டெய்லர் அங்கே ஆசிரியராக வந்து, வளாகத்தின் பல கட்டடங்களை வடிவமைத்தார். கட்டியவர்கள் மாணவர்கள்.

அங்கே தோல்வியை ஒளிக்க வழியே இல்லை, சூளை எல்லோர் கண்முன்னால்தான் நின்றது. ஆனால் மூன்று முறை தோற்கலாம் என்று ஒரு நிறுவனம் இடம்கொடுத்தது. ஒரு தனி ஒப்பந்தக்காரருக்கு அது சாத்தியமே இல்லை.

#11 முதலாண்டு_மாணவி

துண்டை அறுத்துப் பார்ப்பது என்றால் நாளைக்கே நானே செய்து பார்க்கலாமே, யாரையும் கேட்க வேண்டியதில்லை! நன்றி சார்.

ஒரு கேள்வி. இவ்வளவு அறுப்பதும் உடைப்பதும் என்றால் தூசி கூடுமே. எங்கள் பட்டறையில் முகமூடி போட்டால் "இதுக்கே இப்படியா" என்று சீனியர்கள் கேட்கிறார்கள்.

#12 கரணை

தங்கச்சி, யார் என்ன சொன்னாலும் போடுங்கள். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. கான்கிரீட்டையும் கல்லையும் அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசியும் அதே வகை. சிலிக்கா நுரையீரலில் தழும்பு உண்டாக்கும், போனது திரும்பாது. கான்கிரீட்டை முடிந்தவரை தண்ணீர் விட்டு அறுங்கள். மர இயந்திரத்துக்குத் தூசி உறிஞ்சும் குழாய் இருந்தால் அதை மாட்டாமல் ஓட்டாதீர்கள். சாதாரணத் துணி முகமூடி நுண்தூசியை நிறுத்தாது, துகள்களை வடிகட்டும் முகமூடி முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் காற்றடித்து ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் பல பட்டறையில் உண்டு. கீழே படிந்ததை எல்லாம் மறுபடி மூக்குக்குக் கொண்டுவருகிற வேலை அது. ஆசிரியர்கள் முதலில் போட்டால் சீனியர்கள் வாய் தானாக மூடும்.

#13 ஈரமானி

கூடவே ஒன்று. அறுத்துப் பார்க்கும் துண்டில் பெயர் எழுத வேண்டாம், எண் போதும். கெட்டுப்போனதைப் பத்துப் பேர் முன்னால் வைத்துப் பேசும்போது யாருடையது என்று தெரியாமல் இருப்பது நல்லது. அடுத்த முறை மறைக்காமல் கொண்டுவருவார்கள்.

#14 மூலைமட்டம்

எல்லோருக்கும் நன்றி. துறைக் கூட்டத்தில் வைக்கப் போவதை எழுதிவிட்டேன்.

முதல் பருவத்தில் மாதிரித் துண்டுகள் அப்படியே இருக்கும், எண்ணிக்கை மட்டும் குறையும். ஒவ்வொன்றையும் அறுத்துக் காரணம் எழுதிய பிறகுதான் மதிப்பெண். ஈரமானி சொன்ன மூன்று பலகையும், ஒட்டின கதவும் ஒட்டாத கதவும் முதல் வாரத்திலேயே அலமாரிக்குப் போகும், அப்போதுதான் ஆண்டு முடிவதற்குள் ஏதாவது நடக்கும். இரண்டாம் பருவத்தில் பரண் படிக்கட்டும், கட்டுமானப் பிரிவோடு சேர்ந்து ஒரு சின்னத் தளமும். சென்ட்ரிங் தச்சுப் பிரிவு, கம்பியும் கான்கிரீட்டும் அவர்கள். எடைக் கணக்கை இரண்டு பிரிவும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்ட பிறகுதான் முட்டு நடப்படும். அதோடு இரண்டு சிறிய உத்திரம், ஒன்று சரியான கலவையில், ஒன்று தண்ணீர் கூட்டி. இருபத்தெட்டாம் நாள் இரண்டையும் எடை ஏற்றி உடைப்போம்.

நேரத்துக்காக ஒன்றை விட வேண்டியிருந்தது. அலங்கார இணைப்புகளை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுகிறேன். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

#15 சாரக்கால்

உத்திரம் உடைக்கிற அன்று என் ஆட்கள் நாலு பேரை அனுப்பலாமா ஐயா? கலவையில் தண்ணீர் ஊற்றுவது அவர்கள்தான். நான் சொன்னால் கேட்பதில்லை.

#16 மூலைமட்டம்

தாராளமாக அனுப்புங்கள். தலைக்கவசம், கண்ணாடி, பாதுகாப்புக் காலணி கட்டாயம். கான்கிரீட் போடுகிற நாளிலும் அவர்களை அனுப்ப முடியுமா? தண்ணீர் கூட்டின கலவையை அவர்கள் கையாலேயே கலக்கட்டும்.